திருப்புளி எடுத்த பேராண்டிக்கு

வா பேராண்டி. பெங்களூரு பஸ்ஸை விட்டு இறங்கின மறுநாளே உன் அப்பத்தாளோட, அதான் என் அக்காளோட, தையல் மிஷினைத் திண்ணைக்கு இழுத்துப் போட்டுட்டியாமே? கூரியர்ல பெட்டி வேற வந்திருக்காம். திருப்புளி மட்டும் 32 தினுசாம். வாயில இருக்கிற பல்லுக்கு ஒண்ணுன்னு கணக்குப் பண்ணி வாங்கினியா, ராசா? நல்லது. நானும் இந்தச் சின்னாளபட்டியில ஆயுசு பூராவும் மிஷின் மிதிச்ச ஆளுதான். என்கிட்ட இருந்தது ரெண்டே திருப்புளி. அதுலயும் ஒண்ணு முதுகு சொறிய.

பிரிக்கிறதுக்கு முன்னால ஒரு கேள்வி கேட்டுக்கிறேன். அதுக்கு என்ன கேடு? "ஓடல தாத்தா"ங்கிறே. சரி. அது தலையில இருந்த பழைய டிவிப் பெட்டி, மடிச்ச போர்வை, கரண்ட் அட்டை, என் அக்காளோட சுண்ணாம்பு டப்பா, இதையெல்லாம் இறக்கி வச்சுட்டு ஓட்டிப் பாத்தியா? பாக்கலையே! அப்ப கேடு மிஷினுக்கு இல்ல அப்பு, உன் விரலுக்கு.

பாரிசுல திமோனியேன்னு ஒரு தையக்காரர். 1830-ல தையல் மிஷினுக்குப் பேட்டன்ட் வாங்கி, பட்டாளத்துக்காரனுக்கு உடுப்புத் தைக்க வரிசையா மிஷின் போட்டார். அடுத்த வருசமே ஊர்த் தையக்காரங்க கும்பலாப் புகுந்து அத்தனையையும் நொறுக்கிட்டாங்க. அவங்களுக்காவது பொழப்பு போயிரும்னு பயம். உனக்கு லீவு போகலைங்கிறதைத் தவிர வேற என்ன காரணம்?

சரி, கோவிச்சுக்காத. உக்காரு. பிரிக்கிறதுன்னு முடிவாயிருச்சுன்னா முறையாப் பிரி. முதல்ல எதிர்ல இருக்கிறது யாருன்னு தெரிஞ்சுக்க. அடித்தட்டுல, வலது பக்கம் தூணுக்குக் கீழ ஒரு சின்ன மேட்டுல நம்பர் அடிச்சிருக்கும். துணியால துடைச்சுப் பாரு. முன்னால இங்கிலீஷ் இ-யில தொடங்குற ரெண்டெழுத்து இருந்தா, அது 1930-கள் நடுவுக்கு அப்புறம் ஸ்காட்லாந்துல கிளைட்பேங்க் ஊருல பொறந்த சிங்கர். அந்த ஆலைக்கு உச்சியில நாலு முகம் வச்ச பெரிய கடிகாரக் கோபுரம் இருந்துச்சு. கோபுரத்தை 1963-ல இடிச்சாங்க, ஆலையை 1980-ல மூடினாங்க. ரயில்வே ஸ்டேஷனுக்கு மட்டும் இன்னும் சிங்கர்னுதான் பேரு. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. வாசகசாலையில ஓசிப் பேப்பர் படிச்சே பாதிக் கண்ணைத் தொலைச்சவன் நான்.

பெத்த ஆலையே இல்லேங்கிறதால, ஒண்ணு தொலைஞ்சா கம்பெனிக்கு மெயில் போடுறேன்னு பீத்திக்க முடியாது. நல்லவேளையா இது 15-ஆம் நம்பர் ரகம். 1879-ல வந்த சாதி. நம்ம நாட்டுல கறுப்பு மிஷின் செஞ்சவங்க முக்காவாசிப் பேரு இதைப் பாத்துத்தான் செஞ்சாங்க. அதனால பாபின், பாபின் கேஸ், ஊசி எல்லாம் திண்டுக்கல் கடைவீதியில கேட்டா எடுத்துக் குடுப்பான். ஸ்க்ரூ விசயம் வேற. சிங்கர்காரன் மரை தனி மரை. இரும்புக் கடையில இருக்கிற எந்த ஸ்க்ரூவும் அந்த ஓட்டையில பொருந்தாது. திருகித் திருகி உள்ளே ஏத்தினேன்னு வை, ஏறின ஸ்க்ரூவும் போச்சு, ஓட்டையும் போச்சு.

அந்த சிங்கரைப் பத்தியும் கேட்டுக்க. நம்ம காந்திகிராமத்தை 1947-ல உண்டாக்கினாரே ராமச்சந்திரன், அவர் வாலிபப் பிள்ளையா இருந்தப்ப, 1924-ல காந்தியைப் பாத்து, "மிஷின்னாலே உங்களுக்கு ஆகாதா?"ன்னு கேட்டிருக்கார். எல்லாத்துக்கும் விரோதி இல்ல, தையல் மிஷினுக்கு விதிவிலக்கு உண்டுன்னு காந்தி சொன்னார். காரணம் என்ன தெரியுமா? சிங்கர் தன் பெண்டாட்டி கையால தைச்சுத் தைச்சு அல்லாடுறதைப் பாத்து மனசு கேக்காம, அவ மேல உள்ள அன்புல அதைச் செஞ்சாருன்னு அவர் நம்பினார். அன்பு இருந்தது வாஸ்தவம்தான். கொஞ்சம் கூடுதலாவே இருந்துச்சு. அந்த ஐசக் சிங்கர் நியூயார்க்குலயே ஒரே சமயத்துல ரெண்டு மூணு இடத்துல குடித்தனம் நடத்தின ஆளு. பிள்ளைங்க இருபதுக்கும் மேல. அதுல மூணு வீட்டு அம்மாவுக்கும் மேரின்னே பேரு. தூக்கத்துல உளறினாலும் மாட்டிக்க மாட்டான், பாத்துக்க! மகாத்மாவே கேள்விப்பட்ட கதையை நம்பிட்டார். அதனால நீ எவன் சொன்ன கதையையும், நான் சொல்றது உட்பட, நம்பாத. கைச்சக்கரத்தைப் பிடிச்சு நீயே சுத்திப் பாரு.

உன் பக்கமாச் சுத்து. எதிர்ப்பக்கம் சுத்தினா நூல் சிக்கிக்கும். கல்லா நிக்குதா? ஒரு இடத்துல மட்டும் முட்டுதா? சுத்துது, ஆனா கனமா இருக்கா? மூணும் மூணு வியாதி. ஒரு இடத்துல முட்டினா ஷட்டில் பக்கம் நூல் மாட்டியிருக்கும். கனமா இருந்தா எண்ணெய் கெட்டியாயிருக்கும். கல்லா நின்னா ரெண்டும் சேந்திருக்கும். இந்த மூணுல எதுக்கும் உன் 32 திருப்புளியும் தேவையில்ல.

முதல்ல ஊசியை மாத்து. ஊசி முனைக்குப் பக்கத்துல கண்ணு வச்சதுலதான் இந்தத் தொழிலோட சூட்சுமமே இருக்கு. அதுக்கு எலியாஸ் ஹோவ் 1846-ல பேட்டன்ட் வாங்கி வச்சிருந்ததால, 1851-ல வந்த சிங்கர் கடைசியில அவனுக்குக் கப்பம் கட்டவேண்டியதாப் போச்சு. அப்பேர்ப்பட்ட ஊசி இன்னைக்கு ஒரு டீ, வடை காசுக்குள்ள கிடைக்குது. ஆனா நம்ம சனம் அது வளைஞ்சு, மொண்ணையாகி, துணியைக் கிழிக்கிற வரைக்கும் மாத்தாது. மாட்டும்போது பாத்து மாட்டு. இந்த ரகத்துல ஊசியோட தட்டைப் பக்கம் இடது கைப் பக்கம் பாக்கணும், நூலை வலமிருந்து இடமாக் கோக்கணும். திருப்பி மாட்டிட்டு, "மிஷின் தையலே போடல"ன்னு என் கடைக்கு வந்தவங்க கொடுத்த காசுலதான் என் மூத்தவ கல்யாணத்துக்குத் தோடு வாங்கினேன்.

அடுத்தது ஊசித் தட்டு. ரெண்டு ஸ்க்ரூதான், அதைக் கழட்டிக்க, மறுக்கல. கீழ துணியை நகத்துற பல்லுக்கு நடுவுல பஞ்சும் பிசிறும் அடைஞ்சு நமத்துப் போயிருக்கும். சின்ன பிரஷ், மூங்கில் குச்சி, ஒடிஞ்ச ஊசி, இது போதும். வாயால ஊதாத, எச்சில் தெறிச்சுத் துரு பிடிக்கும். பாபின் கேஸை எடுத்துட்டு ஷட்டில் ஓடுற வளையத்துக்குள்ள பாரு. ஒரு துண்டு நூல் சுத்தியிருக்கும். உன் அப்பன் காலேஜுக்குப் போறப்ப அப்பத்தா தைச்சுக் குடுத்த சட்டையோட நூலாக்கூட இருக்கும். செண்டிமெண்ட் பாக்காம இடுக்கியால பிடுங்கிப் போடு.

இப்ப எண்ணெய்க்கு வருவோம். உண்மையான வில்லி இங்கதான் இருக்கா. பேரைச் சொன்னா என் அக்கா அடிக்க வருவா. தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெயிலேயே ரெண்டு சொட்டு மிஷினுக்கும் விட்டிருப்பா. முடி கறுப்பா இருந்துச்சு, மிஷின் பழுப்பாயிருச்சு. சமையலெண்ணெய், தேங்காயெண்ணெய், வெளக்கெண்ணெய் எல்லாமே நாளாவட்டத்துல காத்துப் பட்டுப் பிசினாகி இறுகிரும். நீ துருன்னு நினைச்சுச் சுத்தியலைத் தேடுறே பாரு, அந்தப் பழுப்பு நிறம் முக்காவாசி இந்தப் பிசின்தான்.

அதுக்கு வைத்தியம் சீமெண்ணெய். ரேசன்ல தாராளமாக் கிடைச்ச காலம் போச்சு. எங்கேயாவது ஒரு பாட்டில் தேடிப் பிடி. எண்ணெய் விடுற ஓட்டை எல்லாத்துலயும், உலோகமும் உலோகமும் உரசுற இடத்துலயும் சொட்டுச் சொட்டா விடு. விட்டுட்டுப் போய்த் தூங்கு. காலையில சக்கரத்தை முன்ன பின்ன லேசா ஆட்டு. அசையலைன்னா திரும்ப விடு, திரும்பத் தூங்கு. உன் ஆபீசுல தூங்கினா சம்பளம் பிடிப்பான், இங்க தூங்கறதுதான் வேலையே. அவசரம்னா உன் தங்கச்சி முடி காய வைக்கிற மிஷினை வாங்கிக் கொஞ்சம் சூடு காட்டு, பிசின் இளகும். ஆனா சீமெண்ணெய் விட்ட கையோட சூடு காட்டித் திண்ணையைக் கொளுத்திராத. ஒண்ணு முடிஞ்சு, துடைச்சு, காத்தாட விட்டு அப்புறம்தான் இன்னொண்ணு. உன் சித்தப்பன் பீடியோட வந்து எட்டிப் பாத்தா விரட்டு.

அழுக்கைக் கரைக்கிறதோட சீமெண்ணெய் வேலை முடிஞ்சுது. அப்படியே விட்டா இரும்பு வறண்டு துரு ஏறும். நல்லாத் துடைச்சுட்டு உடனே தையல் மிஷின் எண்ணெய் விடு, தண்ணி நிறத்துல இருக்குமே அது. ஓட்டைக்கு ஒண்ணு ரெண்டு சொட்டு. கோயில் விளக்குன்னு நினைச்சு நிரப்பாத. டென்ஷன் தட்டுக்கு விடாத, வாருக்கு விடாத, பாபின் சுத்துற ரப்பர் வளையத்துக்கு விடாத. அந்த மூணும் பிடிச்சு ஓடுற சாதி, வழுக்கினா வேலைக்கு ஆகாது.

இவ்வளவு செஞ்சும் ஓடலைன்னாத்தான் திருப்புளி. இங்கதான் உன் 32-க்கும் சோதனை. பழைய ஸ்க்ரூவோட வெட்டு ஒல்லியா, ஆழமா இருக்கும். இப்ப வர்ற திருப்புளி முனை ஆப்பா இருக்கிறதால அடியில உக்காராது, அழுத்தித் திருகினா வழுக்கி வெளிய வந்து ஸ்க்ரூத் தலையைக் கொதறிரும். போற போக்குல கறுப்பு பெயின்ட்லயும் ஒரு கோடு போட்டுட்டுப் போகும். முனையை அரத்துல ராவி, வெட்டுக்குச் சரியா உக்கார்ற மாதிரி பண்ணிக்க. இறுகின ஸ்க்ரூன்னா சீமெண்ணெய் விட்டு ராத்திரி பூரா ஊற வை, திருப்புளியை நேரா நிறுத்தி மேல சின்னதா ஒரு தட்டு தட்டு, அப்புறம் முதல்ல இறுக்குற பக்கம் ஒரு மயிரிழை அசைச்சுட்டுத் தளர்த்து.

கழட்டினதை எங்க வைப்பே? செல்லுல படம் எடுத்துக்குவேன்ங்கிறே. எடு. நூறு படம் எடுத்துட்டு எது முன்னது எது பின்னதுன்னு தெரியாமப் பல்லைக் கடிப்பே. பரண்ல பல்லாங்குழிப் பலகை கிடக்கு, இறக்கு. 14 குழி. கழட்டின வரிசைப்படி குழிக்கு ஒரு உருப்படின்னு வை. மாட்டும்போது கடைசிக் குழியில இருந்து திரும்பி வா. அப்பத்தாகிட்ட மட்டும் சொல்லி வை, நாலு ஸ்க்ரூ ஒரு குழியில சேந்து கிடந்தா பசுன்னு அள்ளிட்டுப் போயிருவா. அப்புறம் இன்னொரு கணக்கு இருக்கு: 14 குழியும் நிரம்பிருச்சுன்னா, கழட்டக்கூடாததைக் கழட்டிட்டேன்னு அர்த்தம்.

எதைக் கழட்டக்கூடாது? இதைத்தான் நீ முதல்ல கேட்டிருக்கணும், நீ கேக்க மாட்டே. ஊசிக்கம்பியைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ ஒண்ணு இருக்கு, முகமூடித் தகட்டைத் திறந்தா உள்ளே சிரிச்சுக்கிட்டு நிக்கும். தொடாத. ஏன்னு சொல்றேன். ஊசி அடிமட்டத்துக்குப் போயிட்டு மேல ஏற ஆரம்பிக்கிறப்ப, துணி நூலைப் பிடிச்சுக்கும், நூல் ஊசிக்குப் பின்னால ஒரு சின்ன வளையமாப் பிதுங்கும். அந்தக் கணத்துல ஷட்டிலோட மூக்கு வந்து அந்த வளையத்துக்குள்ள நுழையணும். ஊசி ஏறியிருக்கிறது ரெண்டரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, மூக்கு கடக்கிறது ஊசிக்கண்ணுக்குக் கொஞ்சம் மேல. ஒரு நெல்லு மணி அகலத்துக்குள்ள நடக்கிற சமாச்சாரம் இது. ஊசிக்கம்பியை ஒரு நூலளவு ஏத்தி இறக்கினே, மூக்கு வர்றப்ப வளையம் இருக்காது. தையல் விழாது. ஏன் விழலைன்னும் உனக்குத் தெரியாது. அசைச்சே ஆகணும்னா, எடுக்கிறதுக்கு முன்னாலயே கம்பியில ஒரு கோடு கீறி வச்சுக்க.

அதே மாதிரி மிஷினைச் சாய்ச்சா அடியில ரெண்டு பக்கமும் கூம்பு முனை வச்ச ஸ்க்ரூவும், அதைப் பூட்டுற நட்டும் தெரியும். பல்லை ஆட்டுற தண்டு அந்தக் கூம்பு மேலதான் உக்காந்திருக்கு. இறுக்கினா தண்டு நிக்கும், தளர்த்தினா தண்டு தளும்பும். எவனோ ஒரு ஸ்காட்லாந்துக்காரன் காதால கேட்டு, கையால தடவி வச்ச இறுக்கம் அது. அவனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு, எண்ணெயை மட்டும் விட்டுட்டு நகரு.

ஆனா கைச்சக்கரத்தைக் கழட்டலாம். கழட்டணும். நடுவுல இருக்கிற குமிழுல ஒரு பொடி ஸ்க்ரூ இருக்கும், முதல்ல அது. அப்புறம் குமிழ். அதுக்குள்ள மூணு காது வச்ச ஒரு வாஷர். அது எந்த முகம் வெளிய பாத்துச்சோ அந்த முகமே வெளிய பாக்கணும். சக்கரத்துக்குள்ள காஞ்ச பிசினை வழிச்சுட்டுத் திரும்ப மாட்டுறப்ப, பாபின் சுத்தக் குமிழைத் தளர்த்தினாலும் ஊசி நிக்காம ஆடுதுன்னா பதறாத. வாஷரை எடுத்து அரைவட்டம் திருப்பிப் போடு. அவ்வளவுதான். இதைச் சொல்லிக் குடுக்காம வெளியூருல சில பேரு "கிளட்ச் போயிருச்சு"ன்னு சொல்லிப் புதுச் சக்கரத்துக்கே பில் போடுவாங்க. நான் போட மாட்டேன். டீ மட்டும் வாங்கிக் குடுத்தாப் போதும்.

டென்ஷன் தட்டைக் கழட்டினா வரிசை மாறாம வை. ரெண்டு தட்டுக்கும் நடுவுல நூலழுக்கு கோடு போட்டிருக்கும், துணியால துடை. பாபின் கேஸ்ல ஒரு கடுகு ஸ்க்ரூ இருக்கு. அதை கால் சுத்துக்கு மேல திருப்பாத, தரையில விழுந்தா எறும்புகிட்டதான் கேக்கணும். சரியா இருக்கான்னு பாக்க, பாபின் கேஸ்ல இருந்து வர்ற நூல் முனையைப் பிடிச்சுத் தொங்கவிடு. சும்மா தொங்கணும். கையை ஒரு வெட்டு வெட்டினா கொஞ்சமா இறங்கி நிக்கணும். தொங்காம ஓடினா தளர்வு, வெட்டியும் அசையலைன்னா இறுக்கம்.

அப்புறம் அந்தத் தங்கச் சித்திரம். அதைப் பளபளன்னு ஆக்குறேன்னு தின்னர், ஸ்பிரிட் எதையும் கிட்டக் கொண்டு வராத. கறுப்பு மேல சித்திரம், சித்திரம் மேல ஒரு வார்னிஷ் பூச்சு. தின்னர் பட்டா வார்னிஷ் கரையும், வார்னிஷோட சித்திரமும் துணிக்கு வந்திரும். மிஷின் எண்ணெயைத் தொட்டு மெதுவாத் துடை. பழசு பழசாத்தான் இருக்கும். உன் அப்பத்தா முகத்துச் சுருக்கத்தையும் தின்னர் போட்டா அழிக்கப் பாக்கிறே?

கால்மிதிக்கு வா. வார் காஞ்சு வெடிச்சிருக்கும், மாத்திரு. புது வாரைச் சக்கரத்துல சுத்தி அளவு பாத்து வெட்டி, முனையில ஓட்டை போட்டுக் கம்பிக் கொக்கியால கோத்துரு. ரொம்ப இழுத்துக் கட்டாத, மிதிக்கிறவன் முட்டி போயிரும். மிதியில இருந்து பெரிய சக்கரத்துக்குப் போற தண்டோட ரெண்டு முனைக்கும் ஒரு சொட்டு எண்ணெய். நூல் கோக்காம, துணி வைக்காம, பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வச்சுட்டு மிதிச்சுப் பழகு. ஜிம்முக்கு மாசா மாசம் பணம் கட்டுறியாமே, இது இலவசம்.

ஏன் இவ்வளவு தூரம் கத்துறேன்னு கேப்பே. உன் ஊருல ஓட்டல்காரன் மிஷின் தலையைக் கழட்டிக் காயலான் கடையில போட்டுட்டு, இரும்புக் காலுக்கு மேல கண்ணாடி போட்டு காப்பி விக்கிறானாம். நீயும் அந்த மாதிரி ஒரு படத்தை அப்பத்தாளுக்குக் காட்டி, "வீட்டுக்கு டேபிளா வச்சுக்கலாமா?"ன்னு கேட்டியாம். அவ அப்ப ஒண்ணும் சொல்லல. நீ அந்தப் பக்கம் போனதும் எனக்கு ஆள் அனுப்பிட்டா. 32 திருப்புளி எதுக்கு வந்துச்சுன்னு எங்களுக்கும் தெரியும், அப்பு. பிரிச்சுப் போட்டுட்டு, "சேரல, இனி டேபிள்தான்"னு சொல்லலாம்னு பாத்தே. சேரலைன்னு சொல்ல முடியாதபடிதான் இவ்வளவு நேரம் வழி சொன்னேன்.

எல்லாத்தையும் மாட்டிட்டு, பல்லாங்குழியில ஒண்ணும் மிச்சமில்லைன்னா, சோதனைக்கு ரெண்டு மடிப்புத் துணி வச்சு ஓட்டு. மேல் நூலும் கீழ் நூலும் துணிக்கு நடுவுல பூட்டிக்கணும். கந்தல்ல ஓட்டி என்ன பிரயோசனம்? என்கிட்ட மூணு மீட்டர் பட்டாப்பட்டித் துணி தயாரா இருக்கு. நாடா வச்சு, உள்பக்கம் சுருக்குப் பை போட ஒரு ஜோப்பு வச்சுத் தைச்சுக் குடு. கூலிக்கு நான் ஏமாத்த மாட்டேன். சிங்கரோட கூட்டாளி எட்வர்ட் கிளார்க், மொத்தப் பணம் குடுக்க முடியாதவனுக்கும் மிஷின் விக்கணும்னு 1856-லயே ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருக்கான். தவணை. முதல் தவணை அடுத்த தீபாவளிக்கு.